முழங்கால்களைப் பார்த்தவர்

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். முழங்காலைப் பார்த்துத்தான் பேசுவார். இத்தாலியில், பலெர்மோ நகரத்து ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, கதவைத் திறந்த என்னை விட்டுவிட்டு என் முழங்கால்களிடம் சுகம் விசாரித்தார். பலெர்மோவில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கெல்லாம் அவர் மைக்கண்ணை. பிறந்தநாள், சாமத்தியவீடு, முதல் நன்மை, கலியாணம், எங்கே ஒலிவாங்கி வைத்தாலும் அதற்கு முன்னால் அவர் நிற்பார். சைவமா கிறிஸ்தவ வேதமா என்று அவர் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு சாதி. கதிரையில் இருக்கிறவர்கள், நிற்கிறவர்கள்.

எல்லோருக்கும் முந்தி மண்டபத்துக்கு வந்துவிடுவார். ஒலிபெருக்கியைப் பூட்டுவதற்கு முன்னரே கதிரைகளை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளுவார். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரருக்கும் ஒரு வரிசை மிஞ்சும். மற்றவர்கள் கிழமை முழுவதும் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற இத்தாலிய வீட்டுக்காரிகளின் நிலம் துடைத்து, படுக்கையில் கிடக்கிற முதியவர்களைத் தூக்கி நிமிர்த்தி, நாரியும் முதுகும் நொந்து வந்தவர்கள். இருக்க இடம் தேடிக் கண்ணை ஓட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய குரல் வரும்.

“கிழமை முழுக்கச் சிஞ்ஞோராவுக்காக நிண்ட கால், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்காக நிக்காதோ?”

சனம் சிரிக்கும். சிரித்தபடியே ஆடத் தொடங்கும். கெட்டிக்காரத்தனமான பேச்சுத்தான், மறுக்கவில்லை. அந்தக் கெட்டித்தனத்தை அவர் எதற்குச் செலவழித்தார் என்பதுதான் என் வழக்கு.

நான் யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன். இங்கே அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன். இருந்தாலும் சனம் இன்னமும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மற்றவர்கள் வாயில் மரியாதையாக வருகிற அந்தச் சொல் அவர் வாயில் நக்கலாக வரும்.

“மாஸ்டரைப் பாருங்கோ. கொஸ்தூராவிலை பெர்மெஸ்ஸோ குடுக்கேக்கை கதிரையையும் சேர்த்துக் குடுத்தவங்கள் போலை.”

வதிவிட அட்டைக்காகப் பொலிஸ் அலுவலக வாசலில் கால் வீங்க நின்றவர்கள் எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். எழும்பவில்லை. நான் இருந்தது மகளுக்குப் பக்கத்தில். ஆரணிக்குச் சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. ஊசி இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இல்லை. ஊசி கொஞ்சம் கூடினாலோ, ஓடியாடிக் களைத்துவிட்டாலோ இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கிவிடும். அதற்காகக் கோப்பி குடிக்கிற கடைகளில் கொடுக்கும் சீனிப் பைக்கற்றுகளை எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பேன். என் எல்லாக் காற்சட்டைகளின் பைகளும் எறும்பு ஏறியவை.

அவரும் எங்கேயும் குந்தியிருந்து நான் கண்டதில்லை. பஸ்ஸில் இடம் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாப்பாட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்து நின்றபடி சாப்பிடுவார். மாதா கோயில் பூசையில் எல்லோரும் முழந்தாளிடும் நேரத்திலும் அவர் பின்தூணோடு சாய்ந்து நிற்பார் என்று மன்னார்ச் சனம் சொல்லும். ஏன் என்று ஒரு தடவை நானே கேட்டேன். வெளிநாடு வருகிற வழியில் ஒரு லொறிக்குள் நாட்கணக்காக நின்றதாகவும், வெளியில் பனி கொட்டியதாகவும், கால் ஏலாமல் குந்தி இருந்தவன் பிறகு எழும்பவே இல்லை என்றும் சொன்னார். “இருந்தால் முடிஞ்சுது மாஸ்டர்,” என்றார். இன்னொரு நாள் இதே கதையை ஒரு படகில் நடந்ததாக வேறொருவருக்குச் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே உண்மையாக இருந்தாலும் எனக்குப் போதாது. நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு பெட்டிக்குள் அடைபட்டு வந்தவர்கள்தான். அதற்காக மற்றவர் பிள்ளைகளை நிற்க வைத்துப் பார்க்கவில்லை.

‘கடைசிச் சோடி’ ஒரு கலியாண வீட்டில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. சோடி சோடியாக ஆட வேண்டும், ஓய்ந்தவர்கள் விலக வேண்டும், கடைசியாக நிற்கிற சோடிக்கு ஒரு கேக். அன்றைக்கு வென்றவர்கள் ஒரு மதினியும் மச்சாளும். அடுத்த கிழமை தோற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பிறகு எந்த மண்டபத்திலும் சாப்பாட்டுக்கு அடுத்த பேச்சு அதுவாகவே இருந்தது. வேலை முடிந்து வருகிற பெண்கள் சமையலறையில் ஆடிப் பழகினார்கள். வருத்தக்கார முதியவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே ஒரு காலை ஆட்டிப் பயிற்சி எடுப்பதாக ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். கைபேசிகளில் வீடியோ பறந்தது. காய்ச்சல் மாதிரிப் பரவியது என்றுதான் சொல்ல வேண்டும்.

காய்ச்சலுக்கு அவர் விதிகள் எழுதினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் தாய் தகப்பன் விட மாட்டார்கள் என்பதால், புருசன் பெண்சாதி தவிர மற்றவர்கள் பெண்ணோடு பெண், ஆணோடு ஆண். கை விடக் கூடாது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் ஓயக் கூடாது. முழங்கால் நிலத்தில் பட்டால் அந்தச் சோடி வெளியே. மணிக்கொரு தடவை சின்ன ஓய்வு. சாப்பாடு நின்றபடி, அதற்கென்று நெஞ்சளவு உயரத்தில் பலகையால் ஒரு மேசை அடித்து வைத்தார். வேலை வீட்டிலிருந்து கொண்டுவந்த நீளக் காம்புத் தூசிதட்டி ஒன்று அவர் கையில் இருக்கும். குனிந்து குனிந்து சோடிகளுக்கு நடுவே போய், ஓய்கிற காலின் கெண்டையில் அந்த இறகால் ஒரு தட்டு. ஆடுகிறவர்களுக்குக் கூசும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஒலிவாங்கியில் சரித்திரமும் சொல்வார். “அமெரிக்காவிலை ஒரு காலம் சனம் நாட்கணக்காய், மாதக்கணக்காய் ஆடினது, தெரியுமோ? வேலை இல்லை, சாப்பாடு இல்லை, ஆனாக் கால் ஓயேல்லை. ஒராள் நித்திரை கொள்ள மற்றாள் தாங்கிக்கொண்டு ஆடும். அதுதான் சோடி. அதுதான் அன்பு.”

பங்குச் சுவாமியார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இனிமேல் இதற்குக் கோயில் மண்டபம் இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தோடு அடங்கும் என்று நினைத்தேன். மைக்கண்ணை நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில், மூடிக் கிடந்த தச்சுப் பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். தகரக் கூரை. யன்னல்கள் உயரத்தில், திறக்க முடியாதவை. முதற் பரிசு கொழும்புக்கு இரண்டு விமானச் சீட்டு என்று அறிவித்தார். ஒரு பயண முகவரைப் பிடித்திருந்தார்.

அப்போது ஆரணிக்குப் பதினேழு வயது. நான் நேராக அவரிடமே போனேன்.

“என்ரை பிள்ளைக்குச் சீனி வருத்தம். உங்களுக்குத் தெரியும். அவவை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ.”

“சீனி வருத்தக்காரரை நடக்கச் சொல்லித்தானே தொத்தோரே சொல்லுறார்,” என்று என் முழங்கால்களிடம் சொன்னார். “நீங்கள் பிள்ளையை முட்டைக்கு மேலை வைச்சிருக்கிற மாதிரி வைச்சிருக்கிறியள். ஒருக்கா எழும்ப விடுங்கோ மாஸ்டர். அவவுக்கும் கால் இருக்கு.”

வீட்டில் ஆரணி சொன்னாள்: “எல்லாரும் என்னை இரு இரு எண்டுதான் சொல்லுறியள். அவர் ஒராள்தான் எழும்பு எண்டவர்.” நான் திரும்பவும் வருத்தத்தைப் பற்றித் தொடங்க, “பஸ்தா அப்பா, காணும்,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு சமாதானத்துக்கு வந்து, ஆட மாட்டேன், வருகிறவர்களுக்குச் சாறு ஊற்றிக் கொடுக்கிற வேலைதான் என்றாள். கூடப் படிக்கிற மெரீனாவும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற அந்தக் காற்று அடித்தால் பலெர்மோவில் கதவுப் பிடியே சுடும். என் மனைவி பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு முதிய சிஞ்ஞோராவோடு தங்கி வேலை செய்கிறாள். ஞாயிறுகளில் நான் போய்ச் சோறும் கறியும் கொடுத்துவிட்டு வருவேன். கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் எங்கள் தெருவில் இருக்கிற தெரிந்த பொடியன். கீழே எழுதியிருந்தான்: “மாஸ்டர், உங்கடை பிள்ளைக்கு அம்மன் வந்திருக்கிறா. குடுத்து வைச்சனீங்கள்.”

ஆரணி ஆடிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒரு பக்கம் போக, அவள் தலை வேறொரு பக்கம் போனது. கண் பாதி மூடியிருந்தது. கழுத்தெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக் கிடந்தது. உதடு நடுங்கியது, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெரீனா அவளுடைய கைகளைப் பிடித்தபடி அழுதாள். சுற்றிவர நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் தலைக்கு மேல் கை குவித்திருந்தார்கள். ஒருத்தி திருநீற்றை எடுத்து வீசினாள். மன்னார்ப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உரு வந்து ஆடுகிற ஆளை யாரும் தொட மாட்டார்கள், நிறுத்த மாட்டார்கள். அதை எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வழக்கத்தின்மேல் ஏறி நின்று அவருடைய குரல் கேட்டது.

“ஒருத்தரும் தொடாதேங்கோ. அவ ஆடட்டும். பிரான்காச்சோவுக்கு அம்மன் வந்திருக்கிறா, கையைத் தட்டுங்கோ.”

அம்மனை எனக்குத் தெரியாமல் இல்லை. அதைவிட அந்த உதடு நடுங்குகிற விதம் எனக்குத் தெரியும். அந்தப் பொடியனுக்குக் கைபேசியில் எடுத்தேன்.

“அது அம்மன் இல்லைத் தம்பி. சீனி இறங்கியிட்டுது. அவவின்ரை வாய்க்குள்ளை ஏதாவது இனிப்புப் போடு.”

“என்ன மாஸ்டர்? பாட்டுப் போகுது, வடிவாக் கேக்கேல்லை.”

“இனிப்பு. இனிப்புக் குடு.”

“ஓமோம், இனிப்பு எல்லாருக்கும் குடுக்கினம் மாஸ்டர், நீங்கள் வாங்கோ.”

மெரீனாவுக்கு எடுத்தேன். அவளுடைய கைபேசி பைக்குள் கிடந்திருக்கும். மைக்கண்ணைக்கு எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அம்புலன்சுக்கு எடுத்து இத்தாலியனில் விலாசம் சொல்லும்போது எனக்குப் பட்டறையின் தெருப் பெயர் மறந்துபோனது. ரயில் நின்று நின்று போனது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. பிரான்காச்சோவில் இறங்கி ஓடினேன். அந்த ஓட்டம் இன்னமும் நித்திரையில் வருகிறது. தெரு நீண்டுகொண்டே போகும்.

பட்டறைக் கதவைத் தள்ளியதும் நான் முதலில் கண்டது மகளை அல்ல, கதிரைகளை. வாழ்நாள் முழுவதும் கதிரைகளை அடுக்கி ஒளித்த மனிதர் அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கி, நடுவில் இடம் விட்டு, வட்டமாகப் போட்டிருந்தார். சனம் வசதியாக இருந்து பார்த்தது. மடியில் கடலையும் வடையும்.

வட்டத்துக்குள் காலை வைக்கப் போனேன். ஒரு அக்கா என் முன்னால் கையை நீட்டினா.

“செருப்பைக் கழட்டிப்போட்டுப் போங்கோ மாஸ்டர்.”

அவவை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். என் கை பட்டதும் ஆரணி அப்படியே மடிந்தாள். நிலத்தில் விழாமல் தாங்கி, நானும் கீழே குந்தி, மூன்று பைக்கற்றைப் பல்லால் கிழித்து அவள் கன்னத்துக்குள் தேய்த்தேன். “விழுங்கு பிள்ளை, விழுங்கு.” தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஒலிபெருக்கி பேசியது.

“முழங்கால் பட்டிட்டுது. மூண்டாம் இடம். நல்லாக் கையைத் தட்டுங்கோ.”

தட்டினார்கள். என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கே தெரியாத நேரத்தில் அவ்வளவு சனமும் கை தட்டியது. அவர் எங்களிடம் வரவில்லை. மிச்சம் இரண்டு சோடி ஆடிக்கொண்டிருந்தது. தூசிதட்டியோடு அங்கே போனார்.

சீனி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் ஆரணி கண்ணை விழித்தாள். என்னைக் கண்டு பயப்படவில்லை. “இன்னும் ஆர் நிக்கினம்?” என்று கேட்டாள். அதுதான் அவளுடைய முதற்கேள்வி.

பிறகு அம்புலன்ஸ் வந்து கொண்டுபோன ஆஸ்பத்திரியில் மெரீனா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். முதலில் மணிக்கொரு ஓய்வில் ஆரணி விரலில் குத்திச் சீனி பார்த்தாளாம், சாறு குடித்தாளாம். சோடிகள் குறைந்ததும் அவர் ஓய்வை நிறுத்திவிட்டார். சனம் சோம்பலாகிறது, இனிமேல் இடைவெளி இல்லை, என்று அறிவித்தார். ஆரணிக்கு ஒரு மாதிரி இருக்கிறது, பையை எடுத்துவரவா என்று மெரீனா கேட்டதற்கு, “கை விட்டால் சோடி வெளியிலை பிள்ளை, பிறகு அவதான் உன்னைத் திட்டுவா,” என்று சிரித்தாராம். கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அங்கே இருந்த பெண் டொக்டர், தொத்தோரெஸ்ஸா, என்னிடம் சொன்னார். அதை நான் மனைவிக்கு இன்னமும் சொல்லவில்லை.

பிறகுதான் அவர் சொல்லித் திரிந்த அமெரிக்கச் சரித்திரத்தை நான் தேடி வாசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் கூட. யார் அதிக நேரம் ஆடுவது என்ற சாதனைப் பைத்தியமாகத்தான் அங்கேயும் தொடங்கியிருக்கிறது. பிறகு நாட்டில் பஞ்சம் வந்தபோது, ஆடிக்கொண்டிருக்கும் வரைக்கும் சாப்பாடு, விழாத வரைக்கும் தலைக்கு மேல் கூரை என்று வேலையற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நெஞ்சுயர மேசையில் நின்றபடி சாப்பாடு. ஓய்கிற காலை அடிக்க நடுவர் கையில் ஒரு கோல். நித்திரையாகிற சோடியை மற்றவர் அறைந்து எழுப்ப வேண்டும், கையோடு கையைக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆட்கள் குறையக் குறைய ஓய்வை வெட்டினார்கள். நித்திரை இல்லாமல் புத்தி பேதலித்து, இல்லாத ஆட்களோடு பேசி, இல்லாததைக் கண்டு பயந்து கத்துகிறவர்களைப் பார்க்கத்தான் சனம் அதிகம் விரும்பியதாம். பல ஊர்களில் கடைசியாகத் தடை போட்டார்கள். அந்தக் காலப் படங்களையும் பார்த்தேன். ஆடுகிறவர்களைச் சுற்றி வரிசை வரிசையாகச் சனம். எல்லோரும் கதிரைகளில்.

அந்த நெஞ்சுயர மேசையும் தூசிதட்டியும் அவர் தலையில் தானாக உதித்தவை அல்ல. முழுவதையும் அறிந்துதான் எங்களுக்கு அன்பு, சோடி என்று சொன்னார்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு ஆள் மூலம் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. மூன்றாம் பரிசு. சோறு காய்ச்சுகிற மின்சாரப் பானை. நான் அதைப் பெட்டி பிரிக்காமலே தெருக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஆரணி இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அது நான் ஆடி எடுத்தது.”

அதில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சோறு வேகிறது. நானும் அதையே சாப்பிடுகிறேன்.

சனம் என்னோடு நிற்கும் என்று நினைத்தேன். அம்மன் நின்ற வட்டத்துக்குள் செருப்போடு போனவன் என்றுதான் கொஞ்சக் காலம் கதைத்தார்கள். அவரைக் கேட்டால், “மாஸ்டர் வந்து தொடாட்டில் அந்தப் பிள்ளை வெண்டிருக்கும்,” என்பாராம். அதைக் கேட்டு வந்து என்னிடம் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ‘கடைசிச் சோடி’ அதற்குப் பிறகும் நடந்தது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. சனத்துக்கு வேறொரு பைத்தியம் வந்தது, இதை மறந்தார்கள். அவ்வளவுதான்.

ஆரணி இப்போது வேலைக்குப் போகிறாள். கையில் சீனி பார்க்கிற சின்ன வட்டக் கருவி ஒட்டியிருக்கிறாள், இறங்கினால் அது கத்தும். இருந்தாலும் அவள் சிரிக்கும்போது கண்ணை மூடினால் என் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போகிறது.

போன மாதம் அவளும் நானும் பிரான்காச்சோவில் ஒரு தளபாடக் கடைக்குப் போய்விட்டு ஒரேத்தோவுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. மற்ற இருக்கைகளும் நிரம்பிவிட்டன. மூன்றாவது தரிப்பில் அவர் ஏறினார். வலது காலை இழுத்து இழுத்துத்தான் ஏறினார். தலை வெளுத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வழமைபோல முதலில் என் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆரணி எழும்பினாள். “இருங்கோ மாமா.”

“வேண்டாம் பிள்ளை,” என்றார். ஆனால் கை அதற்குள் இருக்கையின் முதுகைப் பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் ஒரு இருக்கையைத் தேடியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

“நீ இரு,” என்று மகளிடம் சொன்னேன்.

“அப்பா, அவருக்குக் காலேலாது.”

“தெரியும். இரு.”

அவள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் குலுங்கியது. இருந்தாள். இருந்ததும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மாஸ்டர் சொல்லுறது சரி. நான் நிப்பன்,” என்றார் அவர், என் முழங்கால்களிடம்.

ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது முழங்கால் மடங்கி, நடுங்கி, கீழே போய்த் திரும்ப நிமிர்ந்தது. பாலத்தடியில் சாரதி திடீரென்று பிரேக் போட்டபோது நிலத்துக்கு ஒரு சாண் வரைக்கும் போனது. படவில்லை. ஒரேத்தோ வரும் வரைக்கும் நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.